அவுட்பேக் வெந்நீர் ஊற்றுகள்: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறண்ட நிலத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் செம்மண்ணும் கல்லும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடங்களில், தரையிலிருந்து வெதுவெதுப்பான நீர் தானாகப் பொங்கி வருகிறது. ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கினால் அடிலெய்டிலும் மெல்பர்னிலும் இருக்கும் நம்மவர்கள் இந்த ஊற்றுகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதல் முறை போகிறோம். எந்த ஊற்றுக்குப் போகலாம்?

பதிலுக்கு ஒரு கேள்வி: உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது? பலர் இன்ஸ்டாகிராமில் படத்தைப் பார்த்து ஊற்றைத் தேர்வு செய்கிறார்கள். அப்புறம்தான் அங்கே போக ரோடு இல்லை என்று தெரிகிறது. வண்டியையும் மாதத்தையும் வைத்து முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாதாரண கார்தான் என்றால் வடக்குப் பிராந்தியத்தில் உள்ள மட்டரங்கா. டார்வினிலிருந்து தெற்கே சுமார் 420 கிலோமீட்டர், கேத்தரின் ஊரிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார் ரோடு. இங்கே இரண்டு இடங்கள் உண்டு. எல்சி தேசியப் பூங்காவில் இருப்பது மட்டரங்கா வெந்நீர்க் குளம். நீர் சுமார் 34 டிகிரி, நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே முகாமிட்டிருந்த ராணுவத்தினர் கரை கட்டிய குளம் என்பதால் பார்ப்பதற்கு நீச்சல் குளம் போலவே இருக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் பிட்டர் ஸ்பிரிங்ஸ் இயற்கையாக அப்படியே விடப்பட்டது. ஒரு ஃபோம் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தால் நீரோட்டமே உங்களைப் பனைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகும். கீழே படிக்கட்டில் ஏறி, நடந்து திரும்பி வந்து, மறுபடி இறங்கலாம். குழந்தைகளை வெளியே வரவைப்பதுதான் சிரமம். என்னைக் கேட்டால் இரண்டில் பிட்டர் ஸ்பிரிங்ஸ்தான்.

கொஞ்சம் உயரமான வண்டியும், மண் சாலையில் ஓட்டப் பொறுமையும் இருந்தால் தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடட்டா பாதையில் கவர்ட் ஸ்பிரிங்ஸ். பழைய கான் ரயில் பாதையின் நிலையம் ஒன்று இருந்த இடம். 1980இல் அந்த ரயில் பாதை மூடப்பட்டது. ரயில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கிச் செய்த சின்னத் தொட்டியில் உட்கார்ந்து குளிக்கலாம். நீர் 29 டிகிரிதான் இருக்கும். ‘வெந்நீர்’ என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

நல்ல ஃபோர் வீல் டிரைவும், மண் சாலையில் ஓட்டிய அனுபவமும் இருப்பவர்களுக்கு டல்ஹவுசி.

டல்ஹவுசி என்றால் ஹிமாச்சலில் இருக்கும் ஊர் அல்லவா?

பெயர் ஒன்றுதான், குடும்பமும் ஒன்றுதான். 1869 முதல் 1873 வரை தென் ஆஸ்திரேலியாவின் கவர்னராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபெர்குசன். அவருடைய மனைவி எடித், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபுவின் மகள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த நில அளவையாளர்கள் கவர்னர் மனைவியின் குடும்பப் பட்டப் பெயரை ஊற்றுக்கு வைத்துவிட்டார்கள். நாடுகளைப் பிடித்துப் பிடித்துத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட மனிதரின் பெயர், அவர் பார்த்தேயிராத ஒரு பாலைவனக் குளத்தின் மேலும் ஏறிக்கொண்டது. லோயர் சதர்ன் அரெர்ன்டே, வாங்கங்குரு ஆகிய பூர்வகுடி மக்கள் இதை இர்வன்யெரே என்கிறார்கள்.

சிம்ப்சன் பாலைவனத்தின் மேற்கு விளிம்பில், விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அடிலெய்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஊற்றுகள் நிறைய இருந்தாலும் குளிக்க அனுமதி உள்ளது முகாமை ஒட்டிய பெரிய குளத்தில் மட்டும். நீர் இடத்துக்கு இடம் 34 முதல் 38 டிகிரி வரை. குளத்தின் நடுவே கால் எட்டாது. நீச்சல் தெரியாதவர்கள் கரையோரம் இருங்கள், அல்லது மிதவை எடுத்துப் போங்கள்.

பாலைவனத்தில் எப்படி வெந்நீர் வருகிறது? கீழே எரிமலை இருக்கிறதா?

இல்லை. நிலத்தடியில் ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும், அவ்வளவுதான் ரகசியம்.

டல்ஹவுசிக்கும் கவர்ட் ஸ்பிரிங்ஸுக்கும் நீர் தருவது கிரேட் ஆர்ட்டீசியன் படுகை. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தென் ஆஸ்திரேலியா, வடக்குப் பிராந்தியம் என நான்கு பகுதிகளுக்கு அடியில் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஏதோ நிலத்தடிக் கடல் என்று நினைக்க வேண்டாம். மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறி நிற்கும் நீர் இது. மேலேயும் கீழேயும் நீர் புகாத பாறை அடுக்குகள் அழுத்திக்கொண்டிருக்கின்றன. கிழக்கே உயரமான மலைத்தொடர்ப் பக்கம் பெய்யும் மழை இந்த மணற்கல்லுக்குள் இறங்கி, ஆண்டுக்கு ஒரு மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை மேற்கே நகர்கிறது. அந்த வேகத்தில் இந்த விளிம்புக்கு வந்து சேர்வதற்குள் பத்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகிவிடும். இடையில் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போவதால் சூடேறுகிறது. படுகையின் ஓரத்தில் பாறை மெலிந்தோ விரிசல் விட்டோ இருக்கும் இடத்தில், உள்ளிருக்கும் அழுத்தமே நீரை மேலே தள்ளிவிடுகிறது. மோட்டார் எதுவும் தேவையில்லை.

நீரோடு வரும் உப்பும் சுண்ணமும் வெளியே வந்ததும் படிந்து, காற்றடித்து வரும் மணலும் சேர்ந்து, பல இடங்களில் ஊற்றின் வாயைச் சுற்றிச் சின்னக் குன்றே உருவாகியிருக்கிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் போகும் வழியில் வாப்மா கடர்பு பூங்காவில் இறங்கி பிளாஞ்ச் கப், பப்ளர் இரண்டையும் பாருங்கள். மேடான குன்றின் உச்சியில் நிறைகுடம் மாதிரி தளும்பிக்கொண்டிருப்பது பிளாஞ்ச் கப். பப்ளரில் அடியிலிருந்து மணல் புரண்டு புரண்டு எழும். இரண்டிலும் குளிக்கக் கூடாது.

மட்டரங்கா வேறு கதை. அங்கே நீர் வருவது சுண்ணாம்புப் பாறைப் படுகைகளிலிருந்து. அதனால்தான் அந்த நீருக்கு அப்படியொரு நீலம்.

குளத்தில் மீன் இருக்கிறதாமே, கடிக்குமா?

கொறிக்கும், கடிக்காது. நம் ஊர்க் குளத்தில் காலை விட்டால் கெண்டைக் குஞ்சுகள் வந்து மொய்க்குமே, அதேதான். கூச்சம் இருப்பவர்கள் கைகால்களை அசைத்துக்கொண்டே இருந்தால் கிட்டே வராது.

ஆனால் இவை சாதாரண மீன்கள் இல்லை. டல்ஹவுசி கெளிறு, டல்ஹவுசி கோபி, டல்ஹவுசி ஹார்டிஹெட், டல்ஹவுசி மொகர்ண்டா என்று பெயரிலேயே ஊரைச் சுமக்கும் இவை உலகில் வேறெங்கும் கிடையாது. சுற்றிலும் பாலைவனம், நடுவில் இந்த ஊற்றுகள் மட்டும் என்று காலங்காலமாகத் தனித்துக் கிடந்ததால் தனி இனங்களாகவே ஆகிவிட்டன. தூண்டில் போடுவது, வீட்டுத் தொட்டி மீனை இங்கே கொண்டுவந்து விடுவது இரண்டும் கூடவே கூடாது.

எந்த மாதம் போவது நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் தென் பகுதிக்குப் போகாதீர்கள். ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் அதைத் தாண்டிய வெயில் இன்றுவரை பதிவாகவில்லை. அந்த வெயிலில் 37 டிகிரி நீருக்குள் இறங்க யாருக்கு மனம் வரும்? சிம்ப்சன் பாலைவனப் பூங்காவையே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள்.

வடக்கே நிலைமை வேறு. அங்கே கோடை என்பது மழைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெள்ளம் வந்து ஊற்றுகளை அடிக்கடி மூடிவிடுவார்கள்.

ஜூலை சரியான மாதம், ஆனால் இரவுக் குளிரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாலைவனத்தில் பகலில் 20 டிகிரி இருந்தாலும் விடியற்காலை ஐந்துக்குக் கீழே இறங்கும். ஊற்றின் முழு சுகம் அப்போதுதான் கிடைக்கும். நீரின் மேல் ஆவி பறக்க, கழுத்து வரை அமிழ்ந்து கிடக்கலாம். வெளியே வந்து துண்டை எடுக்கும் அந்த அரை நிமிடம்தான் கொடுமை.

மண் சாலை என்றால் எவ்வளவு மோசம்? வாடகை வண்டியில் போகலாமா?

சாலை முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். வண்டியின் ஒவ்வொரு நட்டும் ஆடும். டல்ஹவுசி பக்கம் கூரான கற்கள் பரவிய வெளி. டயர்கள் கிழிவது அங்கே அன்றாடம் நடப்பது. ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். டயர் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்ட வேண்டும். மறுபடி காற்றடிக்கக் கையில் கம்ப்ரஸர் வேண்டும். டீசலுக்கு ஊட்னடட்டா, அதை விட்டால் டல்ஹவுசிக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள மவுண்ட் டேர். விலை நகரத்து விலை இல்லை. குறை சொல்லாமல் நிரப்பிக்கொள்ளுங்கள், அவ்வளவு தூரம் அதை லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

வாடகை வண்டி எடுக்கும்போது ஒப்பந்தத்தில் மண் சாலை பற்றிய பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று எழுதியிருக்கும். வண்டி ஃபோர் வீல் டிரைவாகவே இருந்தாலும் அப்படித்தான்.

மழை பெய்தால் பாதை மூடப்படும். லேசான தூறல்தானே என்று தடுப்பைத் தாண்டிப் போனால் அபராதம் உண்டு. அதைவிட, அந்தக் களிமண்ணில் சக்கரம் இறங்கினால் நாள்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களைச் சும்மா விட்டுவையுங்கள். மாலை இருட்டும் நேரத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். கங்காரு குறுக்கே பாயும் நேரம் அது.

போன் வேலை செய்யுமா?

ஊரை விட்டு வெளியே வந்ததும் சிக்னல் போய்விடும். டல்ஹவுசிக்கு சாட்டிலைட் போன் அல்லது அவசர உதவி கேட்கும் பிஎல்பி கருவி இல்லாமல் போகாதீர்கள். இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். நுழைவு, முகாம் அனுமதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். எப்போது எங்கே இருப்போம் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நகராதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு நடந்து போகும் ஆளைவிட நிற்கும் வண்டிதான் சுலபமாகக் கண்ணில் படும்.

முதலை இருக்குமா?

டல்ஹவுசி, கவர்ட் ஸ்பிரிங்ஸ் இரண்டிலும் கிடையாது. வடக்கே உண்டு. மட்டரங்கா பகுதி ஆறுகளில் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. அவை பொதுவாக ஆளை விட்டு விலகிப் போகும். உவர்நீர் முதலை அப்படியில்லை. மழைக்கால வெள்ளத்தோடு ஆற்றில் ஏறி உள்நாட்டுக்குள் வந்துவிடும். அதனால் வெள்ளம் வடிந்த பிறகு பூங்கா ஊழியர்கள் தேடிப் பார்த்து, பொறி வைத்து, பாதுகாப்பு என்று உறுதியான பிறகே குளங்களைத் திறப்பார்கள். திறந்திருந்தால் இறங்குங்கள். மூடியிருந்தால், பக்கத்தில் யாரோ இறங்கிக் குளிக்கிறார்களே என்று பார்த்து இறங்காதீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? சோப்பு?

சனிக்கிழமை என்றாலும் வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன், கொசு மருந்து எதுவுமே நீரில் சேரக் கூடாது. வீட்டுத் தொட்டி என்றால் கழுவிவிட்டுப் புதிய நீர் பிடிக்கலாம். இது அந்த மீன்களும் நத்தைகளும் வாழும் ஒரே இடம். குளித்து முடித்த பிறகு கிரீம் பூசிக்கொள்ளுங்கள்.

டல்ஹவுசியில் சூரியன் மறையும் நேரத்தில் கொசுப் படை கிளம்பும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கை சட்டை எடுத்துப் போங்கள். பகலில் ஈ. முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மறுநாள் தாங்களும் ஒன்று வாங்கிவிடுவார்கள்.

மூக்கில் நீர் போகக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா வாழக்கூடும். குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும், பிழைப்பது மிக அரிது. இந்த நோயை 1965இல் முதன்முதலில் மருத்துவ உலகுக்கு விவரித்தவர்களே அடிலெய்டைச் சேர்ந்த மால்கம் ஃபவுலரும் ராட்னி கார்ட்டரும்தான். தொற்று மிக மிக அபூர்வம், பயந்து குளிக்காமல் இருக்க வேண்டியதில்லை. தலையை நீருக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள், குதிக்காதீர்கள், முங்கு நீச்சல் வேண்டாம். குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குளத்தைப் பார்த்த பிறகு காதில் ஏறாது.

மூட்டுவலி குணமாகுமா?

இதமாக இருக்கும். வலி கொஞ்ச நேரம் தெரியாது. அதற்கு மேல் எதையும் நான் வாக்களிக்க மாட்டேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இன்னும் நல்ல சூடான ஊற்று எதுவும் இல்லையா?

இருக்கிறது, எச்சரிக்கையோடு சொல்கிறேன். டார்வினுக்குத் தெற்கே வகிமான் மக்களின் நிலத்தில் இருக்கும் ஜுவாலின், அதாவது டக்ளஸ் ஊற்றில் சில இடங்களில் நீர் 60 டிகிரி வரை போகும். ஊற்றுவாயில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும். சூடான ஓடையும் குளிர்ந்த ஆறும் கலக்கும் இடம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடகோடியில், அர்க்கரூலா அருகே பாரலானா ஊற்று. இங்கே நீரைச் சுட வைப்பது அடியிலிருக்கும் பாறையின் யுரேனியம் முதலான தனிமங்களின் கதிரியக்கம். நீரோடு ரேடான் வாயுவும் வருகிறது. பார்த்துவிட்டு வரலாம், குளிக்க அல்ல. அத்ன்யமதன்ஹா மக்களுக்கு அது முக்கியமான இடமும்கூட.

சூடும் வேண்டும், ரிஸ்க்கும் வேண்டாம் என்றால் நியூ சவுத் வேல்ஸில் ஓப்பல் தோண்டும் ஊரான லைட்னிங் ரிட்ஜ். அதே ஆர்ட்டீசியன் நீர்தான், ஆனால் ஆழ்துளைக் கிணறு வழியாக வருகிறது. 41.5 டிகிரி, கட்டணம் இல்லை. இயற்கை ஊற்று இல்லையே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் ஒரு குளிர்கால ராத்திரி அதில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மோரீ ஊரிலும் இதே நீரில் பொதுக்குளம் உண்டு. அங்கே ஒரு காலத்தில் பூர்வகுடி மக்களுக்கு அனுமதி இல்லை. 1965 பிப்ரவரியில் பூர்வகுடி மாணவரான சார்ல்ஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்ஸில் வந்து, பூர்வகுடிக் குழந்தைகளை அந்தக் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊரே திரண்டு எதிர்த்தது. கோயில் குளத்துக்கும் பொதுக் கிணற்றுக்கும் நடந்த சண்டைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூர்வகுடி நிலம் என்றால் தனி அனுமதி வேண்டுமா? என்ன கட்டுப்பாடுகள்?

இங்கே சொன்ன குளிக்கும் இடங்களுக்குப் பூங்கா அல்லது முகாம் கட்டணம் போதும். விட்ஜிரா பூங்காவைப் பூர்வகுடி மக்களும் அரசும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். போகக் கூடாது என்று பலகை இருந்தால் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடுங்கள். காரணத்தை வெளியாருக்குச் சொல்வதே அவர்கள் வழக்கப்படி கூடாததாக இருக்கலாம். வாப்மா கடர்புவின் ஊற்றுகளுக்கு அரபானா மக்களிடம் கதை உண்டு. ஒரு பெரிய பாம்பைக் கொன்றபோது அது துடித்த துடிப்பே பப்ளரில் இன்னும் எழும் அலை, அதைச் சுட்ட அடுப்பு பிளாஞ்ச் கப், வீசியெறிந்த தலை அருகே உள்ள குன்று. கதை தெரிந்து பார்த்தால் அந்த மணல் புரள்வது வேறு மாதிரித் தெரியும்.

இந்த மக்கள் காட்டிய நீர்வழியேதான் பின்னால் வந்த எல்லாமே போயிருக்கின்றன: 1872இல் முடிந்த தந்திக் கம்பி, பிறகு ரயில், இடையே பலுசிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள். ஊற்றோரங்களில் ஈச்சமரங்கள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அவை டல்ஹவுசியில் ஊற்றுகளையே அடைத்துக்கொண்டு வளர்ந்ததால் பிற்பாடு பலவற்றை வெட்ட வேண்டியதாயிற்று.

இந்த ஊற்றுகள் வற்றிக்கொண்டு வருகின்றனவா?

சில வற்றிவிட்டன. 1878இல் முதல் ஆழ்துளைக் கிணறு தோண்டிய பிறகு, ஆடு மாடுகளுக்காக ஆயிரக்கணக்கில் தோண்டினார்கள். பலவற்றுக்கு மூடியே கிடையாது. பத்து லட்சம் ஆண்டு நடந்து வந்த நீர் இரவு பகலாகத் திறந்த வாய்க்காலில் ஓடி ஆவியாகப் போயிற்று. அழுத்தம் குறைந்ததும் ஊற்றுகள் சோர்ந்தன. 1999 முதல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கிணறுகளுக்கு மூடி போட்டுக் குழாய் பதித்து வருகின்றன, சில இடங்களில் அழுத்தம் திரும்பியிருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் தாமிரமும் யுரேனியமும் எடுக்கும் ஒலிம்பிக் டேம் சுரங்கமும் இந்தப் படுகையிலிருந்துதான் நீர் எடுக்கிறது. அது பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ரோடுஹவுஸ்களில் உருளைக்கிழங்கு சிப்ஸ், டோஸ்ட், அதிர்ஷ்டம் இருந்தால் வெஜ் பர்கர். அரிசி, பருப்பு, ஊறுகாய், சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து லிட்டர், அதற்கு மேல் சில நாட்களுக்கு உபரி. ஊற்று நீரைச் சமையலுக்கு நம்பாதீர்கள். டல்ஹவுசி முகாமில் கடை இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. கொண்டுபோன குப்பை உங்களோடு ஊர் திரும்ப வேண்டும், அதற்குத் தடிமனான பைகள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிலெய்டிலிருந்து ஒரு வார இறுதியில் டல்ஹவுசி போய்வர முடியுமா?

முடியாது. போக மட்டுமே இரண்டு மூன்று நாள். பத்து நாள் இருந்தால் கிளம்புங்கள். வார இறுதிதான் இருக்கிறது என்றால் டார்வினுக்கு விமானம் ஏறி, அங்கே கார் எடுத்து மட்டரங்கா.